ஆக்லாந்தில் என் மனைவியின் ஆட்கள்

"…அதுலயும் கீழ அடுக்கியிருப்பாங்க பாருங்க பெரிய பாக்ஸு, அதுக்குப் பக்கத்துலதாங்க நான் எப்பவும் நிப்பேன். அங்க நின்னாத்தான் நெஞ்சுக்குள்ள போய் நல்லாக் குத்தும்" என்று சொல்லிக்கொண்டே சுமதி என் பெட்டியைத் தள்ளியபடி முன்னால் போனாள்.

ஆக்லாந்து விமான நிலையத்தின் வாசல். காலை ஒன்பது மணி இருக்கும். அவளுக்கென்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கருவேப்பிலைக் கட்டை ஓர் அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார். அந்தத் துக்கத்தில் அவள் பேச்சின் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. பின்பாதி கேட்டதும் நின்றுவிட்டேன்.

நின்றதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல் பக்கம் எனக்கு ஒரு சவுண்ட் சர்வீஸ் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று இருபத்திரண்டு வருடமாக செட் போடுகிறேன். பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பிரித்துத் தொழிலைக் கற்றேன், மைக்கில் பேசிப் பேசிப் பேச்சைக் கற்றேன். எங்கள் கல்யாணத்துக்கும் என் செட்டைத்தான் போட்டேன். மணவறையில் உட்கார்ந்து சுமதி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அந்தக் குழாயக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றீங்களா?" அதன் பிறகு நான் செட் போட்ட எந்த விசேஷத்துக்கு வந்தாலும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமையல்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தச் சுமதிதான் இப்போது பாக்ஸுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பற்றிப் பேசுகிறாள்.

"எந்த பாக்ஸும்மா?"

"மெட்டல் கச்சேரிங்க. கிடாரும் டிரம்ஸுமா அதிரடியா வாசிப்பாங்கன்னு போன்ல சொன்னேனே. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணு இருக்கு. உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சு."

சொல்லியிருப்பாள். போனில் நான் கேட்பதைவிடப் பேசுவது அதிகம்.

நான் வந்த வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுமதி நர்ஸ். மூன்று வருடமாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று அந்த மாத முடிவுக்குள் அவள் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் ஒருவன், அவள் இங்கே ஒருத்தி. போதும், கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று இரண்டு குடும்பத்திலும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சுமதி என்ன நினைக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அவள் குடியிருப்பது எல்லர்ஸ்லி என்ற பகுதியில், பவானி அக்கா வீட்டின் பின்னறையில். பவானி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள். பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலை. கதவைத் திறந்தவர் மேலே கறுப்புப் பனியன். அதில் வெள்ளையில் ஏதோ ஒரு குழுவின் பெயர். பிடுங்கிப் போட்ட மரத்தின் வேர் மாதிரி இருந்த அந்த எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் போர்டு எழுதும் ஆள் இப்படி எழுதிக் கொடுத்தால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. நல்லாக் களைச்சுப் போனியள். முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."

இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். கருவேப்பிலை போன துக்கம் சம்பலில் போயிற்று. சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போனால் ஒரு வாடை. கதவுக்குப் பின்னால் கையில்லாத ஜீன்ஸ் சட்டை ஒன்று தொங்கியது. முன்னாலும் பின்னாலும் இடமே இல்லாமல் துண்டுத் துணிகள் தைத்திருந்தன. ஒன்றில் மண்டை ஓடு, ஒன்றில் கோடாலி, ஒன்றில் ஆட்டுக்கொம்பு. வேர்வையும் மழையும் பீரும் சேர்ந்த வாடை அதிலிருந்துதான் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுக்கப் போனேன். பின்னாலிருந்து பவானி அக்காவின் குரல் வந்தது.

"அதைத் தொடாதேங்கோ தம்பி. சுமதியின்ரை வெஸ்ட். அதை ஒருத்தரும் தோய்க்கிறேல்லை."

"ஏங்கக்கா?"

"ஊற ஊறத்தான் அது அவளின்ரை. தோய்ச்சால் கடைச்சாமான்."

யார் எங்கே நல்லதாக ஒன்று சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்வது என் பழக்கம். இதையும் போட்டுக்கொண்டேன். அதாவது, துவைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியாகிவிட்டது. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை. சுமதி வேலைக்குப் போய்விட்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் பஸ் கார்டை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினேன். முதல் பஸ் நிற்காமல் போய்விட்டது. ஸ்டாப்பில் ஆள் நின்றால் மட்டும் போதாது, கை காட்ட வேண்டுமாம். எங்கள் பக்கம் கை காட்டினால்தான் நிற்காமல் போவார்கள். இரண்டாவது பஸ்ஸுக்கு இரண்டு கையையும் காட்டினேன். நின்றது. நகரத்துக்குப் போய் அங்கே கடலோரம் போகும் பஸ் என்று நினைத்து ஒன்றில் மாறி ஏறினேன். அது ஒரு பெரிய பாலத்தில் ஏறித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய், நிற்காமல் ஓடி, ஆல்பனி என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இறங்கினால் மால், கார்கள், முதுகில் பையோடு கல்லூரிப் பிள்ளைகள். கடல் எங்கேயும் இல்லை.

பசித்தது. ஒரு கடையில் பை என்று ஒன்று வாங்கினேன். கறிக்குழம்பை ஊற்றி மேலே மூடி போட்ட பப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொதிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் கடியில் நாக்கும் போயிற்று, வெள்ளைச் சட்டையும் போயிற்று. சுமதிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க? ஆல்பனியா? அங்க எப்படிங்க போனீங்க? சரி, அங்கயே நில்லுங்க. குரூப்ல போட்டுவிடறேன்."

"எந்த குரூப்பு?"

வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஓர் ஆள் இறங்க ஆரம்பித்தார். இறங்கிக்கொண்டே இருந்தார். அப்படி ஓர் உயரம், அப்படி ஓர் அகலம். பஸ் ஓட்டுநர் உடுப்பு. சமோவாக்காரர், பெயர் சியோனே. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் செய்தியைப் பார்த்தாராம்.

"உங்களை எனக்குத் தெரியும். சுமதியின் போனில் பார்த்திருக்கிறேன். பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள்" என்றார் இங்கிலீஷில். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினார்.

காரில் போகும்போது நான் வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தேன். பஸ், சம்பளம், குடும்பம், மழை. எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில். பாலத்தின் மேல் வரும்போது அவராகவே ஒன்று சொன்னார்.

"முதல் தடவை வந்தபோது கச்சேரி முழுக்க அழுதாள். இடித்துவிடுவார்களே என்று நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நண்பர்களாகிவிட்டோம்."

"அழுதாளா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன். தெரியாது.

பாலத்துக்குக் கீழே பாய்மரப் படகுகள் நிறைய நின்றன என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. என் மனைவி அழும்போது அவளுக்குப் பின்னால் நின்ற முதுகு எத்தனை அகலம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் பவானி அக்கா வேலைக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டேன். "அக்கா, சுமதி அழுதாளாமே?"

"ஓம் தம்பி. வந்த புதுசிலை மூண்டு மாசம் அந்த அறைக்குள்ளையிருந்து அழுறது. நான் கேட்டால் தடிமன், மூக்கடைப்பு எண்டுவாள். ஒரு நாள் சொன்னன், பிள்ளை, அழுறதெண்டால் என்னோடை வா, ஒரு இடம் இருக்கு, அங்கை நீ கத்தி அழுதாலும் ஒருத்தருக்கும் கேளாது எண்டு. கூட்டிக்கொண்டு போனன்."

"நீங்க எப்படிக்கா இந்தப் பாட்டெல்லாம்?"

ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்கடை காதுகள், நாங்கள் கேளாமலே ஷெல்லும் குண்டுமா எவ்வளவோ சத்தம் வந்து விழுந்த காதுகள். இது நானாப் போய்க் கேக்கிற சத்தம்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வீட்டில் நான் தனியாக இருந்தேன். அந்த மூன்று மாதமும் நான் தினம் சுமதியுடன் போனில் பேசினேன். நல்லா இருக்கியா என்று கேட்டு, நல்லாத்தான் இருப்பே என்று நானே பதிலும் சொல்லி, அன்றைக்கு எந்த ஊரில் செட் போட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசுவேன். மூக்கடைப்பாக இருக்கிறதே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தொழிலே சத்தத்தைக் கேட்பது.

கதவுக்குப் பின்னாலிருந்து வெஸ்ட்டை எடுத்தேன். வாடை அப்படியேதான் இருந்தது. உட்புறத்தைத் திருப்பினேன். துணி முழுக்கக் கையெழுத்து. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அவரவர் கையில் கிடைத்த பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷில், சமோவா மொழியில், தமிழில். ஓர் இடத்தில் பெரிய சிரிப்பு முகம். கழுத்துக்குக் கீழே பவானி அக்காவின் எழுத்தில் ஒரு வரி: "இண்டைக்குச் சுமதி அழேல்லை."

அதைத்தான் மூன்று தடவை படித்தேன். அவள் அழுத நாளும் எனக்குத் தெரியாது, அழாத நாளும் எனக்குத் தெரியாது. இரண்டையும் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊரில் ஆயிரம் கல்யாணத்துக்கு செட் போட்டிருக்கிறேன். ஒரு வீட்டில்கூட என் பெயரைக் கேட்டதில்லை. "ஏப்பா, மைக்செட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் எல்லோரிடமும் சிரித்துப் பேசி, எனக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காத சுமதிக்கு மூன்றே வருடத்தில் சட்டை நிறைய ஆட்கள். வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை இருந்தால் எழுதியிருப்பேன்.

துணி துவைக்கும் மெஷின் சமையலறைக்குப் பக்கத்தில். சோப்புத்தூள் மெஷின் மேலேயே இருந்தது. நான் அதோடு நிற்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியில், இரண்டு டப்பாவுக்குப் பின்னால் இருந்த ப்ளீச் பாட்டிலை எடுத்தேன். வெந்நீர்ப் பக்கம் பட்டனைத் திருப்பினேன். கண்ணாடி மூடிக்குள் மண்டை ஓடும் கோடாலியும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே எடுத்தபோது அது வெளிறிப்போய், ஓரமெல்லாம் சுருண்டு, குழந்தைச் சட்டை மாதிரி இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. நீலமாகச் சில திட்டுகள் மட்டும். கொடியில் போட்டேன். வெயில் அடித்தது, மழை பெய்தது, மறுபடியும் வெயில் அடித்தது. இந்த ஊரில் ஒரு மத்தியானத்துக்குள் எல்லாம் வந்துபோய்விடுகிறது.

சுமதி வந்தாள். கொடியைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "நாத்தம் அடிச்சுச்சும்மா. உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு துவைச்சேன். துவைக்கக் கூடாதாமே, அக்கா சொன்னாங்க, சுத்தமா மறந்துபோச்சு…" என்று ஆரம்பித்து, ஊரில் ஒருவர் பட்டுவேட்டியை மெஷினில் போட்ட கதை வரைக்கும் பேசினேன்.

அவள் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள். "ப்ளீச் எங்க இருந்துச்சு?"

"மேல… அலமாரில."

"ஓ" என்றாள். ஈரத்தோடு அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் திண்டுக்கல் வீட்டில் எப்படி இருப்பாளோ அப்படி ஆகிவிட்டாள். சாப்பிடுங்க, தண்ணி வேணுமா, லைட்ட அணைக்கவா. வெள்ளிக்கிழமை முழுக்க இந்த மூன்று வாக்கியம்தான். அன்று வேலை முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய ஆட்கள் சாப்பிட வந்தார்கள். சியோனே ஒரு பெரிய தட்டில் அவர்கள் வீட்டுச் சேமியா கொண்டுவந்தார். சோயா, இறைச்சி எல்லாம் போட்டது. நம் ஊர்ச் சேமியா இதைப் பார்த்தால் வெட்கப்படும். கூடவே ஆல்பர்ட். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர், பக்கத்துப் பகுதியான எப்சமில் பல் டாக்டர். சர்ச்சில் பாடகர் குழுவில் இருப்பவர்.

"காலையில சர்ச்சு, மத்தியானம் மெட்டலு. ரெண்டுலயும் நின்னுகிட்டேதான் பாடணும் அண்ணே. எனக்கு வித்தியாசமே தெரியல லா" என்று கையைக் குலுக்கினார்.

சேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். பவானி அக்கா அந்த வெஸ்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டினது போலையெல்லோ குளிப்பாட்டியிருக்கிறியள்."

"ப்ளீச் வேற போட்டிருக்காரு. என்கிட்ட வந்தா பல்லுக்குக்கூட நான் இவ்ளோ போட மாட்டேன் அண்ணே" என்றார் ஆல்பர்ட்.

சியோனே சிரித்தால் வீடு குலுங்குகிறது. அவர் தன் தாயார் ஒரு தடவை தன்னுடையதைத் துவைத்துவிட்ட கதையைச் சொன்னார். இவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயதாம், ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் பேசவில்லையாம். மறுபடியும் சிரிப்பு. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சேமியா வைத்தார். சுமதியும் சிரித்தாள், அவர்களைப் பார்த்து.

யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. கோபப்படக்கூடத் தேவையில்லாத அளவுக்கு மனம் நிறைந்திருக்கிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தில் வேலையாம், ரயிலுக்குப் பதில் பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸும் சுற்றிச் சுற்றிப் போய் இரண்டு மணிக்குத்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளும் வரலாம் என்பதால் பகல் கச்சேரி. வாசலில் நீள வரிசை. எல்லோரும் கறுப்பு. நான் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெண் வீட்டுக்காரர்களை வரவேற்க நிற்பவன் மாதிரி.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு மாவோரி இளைஞர் தன் அம்மாவோடு வந்திருந்தார். அம்மா சக்கர நாற்காலியில், மடியில் சிப்ஸ் பொட்டலம். பின்னால் ஒரு சீனத்துப் பெண், பரீட்சையாம், நின்றபடியே புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தலைப்பாகையோடு ஒரு சர்தார். தலை நரைத்த வெள்ளைக்காரத் தம்பதி, இருவரும் சாண்ட்விச்சை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் பனியனில் இருக்கும் பெயரை இன்னொருவர் படித்துவிட்டு, அதை எங்கே கேட்டீர்கள், எந்த வருடம் என்று விசாரிக்கிறார்கள். எங்கள் பக்கம் முன்பின் தெரியாத இருவர் பஸ்ஸில் உட்கார்ந்தால் எந்த ஊர், யார் வீடு என்று நூல் பிடித்து எங்கே போய் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பனியனோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

பாதிப்பேர் சுமதியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் அந்த வெளிறிய வெஸ்ட்டைத்தான் போட்டிருந்தாள். "என்ன ஆயிற்று?" என்று சக்கர நாற்காலி அம்மா கேட்டார்.

"என் வீட்டுக்காரர் துவைத்துவிட்டார்."

வரிசை முழுக்க அந்தச் சேதி பின்னால் போவதை என்னால் கேட்க முடிந்தது. ஒவ்வொரு இடமாகச் சிரிப்பு வெடித்தது. யாரோ ஒருவர் என் முதுகில் தட்டி, "பாவம் நண்பா" என்றார்.

உள்ளே போனதும் என் கண் தானாக மேடையைப் பார்த்தது. இரண்டு பக்கமும் கூரையிலிருந்து தொங்கும் ஸ்பீக்கர்கள், கீழே அடுக்கிய பாக்ஸ்கள். கேபிள் எல்லாம் தரையோடு டேப் போட்டு ஒட்டி, ஒரு முடிச்சு இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு முன்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். என் தொழிலைச் சொன்னதும் நகர்ந்து நின்று எல்லாம் காட்டினாள். எனக்கு இப்படி ஒரு மிக்சர் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, அந்த நினைப்பை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் அடி விழுந்தது. வேட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தம் காதுக்கு வரும் முன்னால் தரை வழியாகக் காலுக்கு வந்து, வயிற்றில் ஏறி, விலா எலும்பில் உட்கார்ந்தது. பாடுகிறவர் பாடவில்லை, உறுமினார். டிரம்ஸ்காரருக்கு நாலு கால் இருக்கும்போலிருந்தது. ஆனால் இவ்வளவிலும் ஒரு கரகரப்பு இல்லை, ஊளை இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கொண்டுவராத தெளிவு. சுமதிக்குச் சத்தம் பிடிக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்காதது என் சத்தம்.

நடுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக் குதித்தார்கள். திருவிழாவில் இப்படி இடித்தால் போலீஸ் வந்திருக்கும். திடீரென்று ஒரு கை உயர்ந்தது, அதில் ஒரு ஷூ. இடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஷூ கை மாறிக் கை மாறிப் போய், ஒற்றைக்காலில் நின்ற அந்தச் சீனத்துப் பெண்ணிடம் சேர்ந்தது. அவள் குனிந்து கயிறு கட்டி முடிக்கும்வரை நாலு தடியன்கள் முதுகைக் கொடுத்து அவளைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர் சியோனே. கட்டி முடித்தாள். மறுபடியும் இடி.

அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பாக்ஸுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்ற சுமதியிடம் போனேன். காதருகே குனிந்து, "சுமதி, மறந்துபோய்த் துவைக்கலம்மா" என்றேன்.

"ஆங்?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்!"

"கேக்கலங்க!" காதைத் தொட்டுக் காட்டினாள். அடைப்பான் வைத்திருந்தாள்.

நான் மைக் இல்லாமலே ஒரு மைதானத்துக்கு அறிவிப்புச் செய்தவன். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து முழுக் குரலையும் திறந்தேன். இந்த மாதிரிப் பாட்டு நடுவில் கத்தி வெட்டின மாதிரி ஒரு நொடி நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரியாக அந்த நொடியில் நின்றது.

"வேணும்னேதான் துவைச்சேன் சுமதீ!"

மண்டபம் முழுக்க என் குரல். ஆயிரம் தலை திரும்பியது. ஒருவருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, அதனால் என்ன. பாடகர் மேடையிலிருந்து என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். கூட்டம் மொத்தமும் "சுமதீ!" என்று திரும்ப முழங்கியது. அதோடு பாட்டு மறுபடியும் வந்து விழுந்தது. சுமதியைத் தவிரப் புரிந்தவர்கள் இரண்டே பேர். பவானி அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆல்பர்ட்டின் வாய் "ஐயோ அண்ணே" என்று அசைந்தது.

அந்தப் பாட்டு முடிந்தது. மேடையில் தண்ணீர் குடித்தார்கள், கிடாரைச் சுருதி சேர்த்தார்கள். சுமதி ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்தாள்.

"ஸ்டூல் போட்டு ஏறித்தான எடுத்தீங்க?"

"ஆமா."

"ரெண்டு டப்பாவ நகத்திட்டு. அதுக்குப் பேரு மறதியா? அன்னிக்கே தெரியும் எனக்கு."

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க பேசுவீங்க."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"நான் ஊருக்கு வரலங்க" என்றாள் சுமதி. குரல் உயரவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் போடலாமா வேணாமான்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். அதான் லேட்டு. நீங்க இங்க வர்றதுன்னா வாங்க. அது உங்க இஷ்டம். இனிமே எனக்கும் சேத்து நீங்களே பதில் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

இருபது வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மேடையில் பாடகர் கையைச் சுழற்றிக் காட்டினார். கூட்டம் நடுவில் விலகி வட்டமாக இடம் விட்டது. அந்த வட்டத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்களாம். சியோனே ஓடினார், சர்தார் ஓடினார், அந்த மாவோரி இளைஞர் அம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட, அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். பவானி அக்கா ஐம்பத்தெட்டு வயதில் ஷூக் கால் தடதடக்க ஓடினார். அடைப்பானைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு சுமதி இறங்கினாள்.

நான் ஓரத்தில், வெள்ளைச் சட்டையோடு. அவளுக்கு முன்னால் ஓடுகிறவர்களையும் பின்னால் ஓடுகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் என்னைக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. தலைமுடி அவிழ்ந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றிலும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் கூட்டத்தை விட்டு ஓரமாக வந்தாள். ஓட்டத்தைக் குறைக்காமலே கையை நீட்டி, என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.